கண்ணை ஆட்டினால் மனவடு ஆறுமா?

கேள்வி:

டொக்டர், எனக்கு வயது நாற்பது. திருகோணமலை நகரில் கணவரோடும் பத்து வயது மகளோடும் இருக்கிறேன். சுனாமி வந்தபோது எனக்கு 19. அப்போது நிலாவெளிக்குப் பக்கத்தில் இருந்தோம். ஒன்பது வயதுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கை நழுவிவிட்டது. மூன்றாம் நாள்தான் அவனை எடுத்தார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. அவசர அவசரமாக அடக்கம் செய்தார்கள், அந்தியேட்டிகூட ஒழுங்காக நடக்கவில்லை.

இத்தனை வருடமும் எப்படியோ சமாளித்தேன். மகளுக்கு ஒன்பது வயதான பிறகு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. ஈரச் சேற்று மணம் பட்டால் கை நடுங்குகிறது. கடற்கரை வீதியால் போவதில்லை, சுற்றித்தான் போகிறேன். மகளை டச்சுக் குடாப் பக்கம் விடுவதில்லை என்று வீட்டில் தினமும் சண்டை. நான் கையை விட்டதால்தானே அவன் போனான்?

லண்டனில் இருக்கும் மச்சாள், தனக்குக் கண் அசைவுச் சிகிச்சை செய்து சுகம் வந்ததாகச் சொன்னார். யூடியூபில் தேடினேன். ஒரு பந்து இடமும் வலமும் ஓடுகிறது, கெட்ட நினைவை நினைத்துக்கொண்டு அதைப் பார்க்கச் சொல்கிறார்கள். மூன்று இரவு பார்த்தேன். மூன்றாம் இரவு வாய்க்குள் தண்ணீர் போவது போல மூச்சடைத்தது. அதற்குப் பிறகு தூக்கமே இல்லை. பாமசியில் தூக்கக் குளிசை வாங்கிப் போடுகிறேன்.

இது உண்மையான வைத்தியமா, மந்திரமா? கொழும்பில் ஒருவர் ஒன்லைனில் செய்கிறாராம். ஐந்து தடவைக்கான காசை முன்னமே கேட்கிறார், நூறு வீதம் சுகம் என்கிறார். நம்பலாமா? இன்னொன்று, கேட்கவே வெட்கமாக இருக்கிறது. இதைச் செய்தால் தம்பியை மறந்துவிடுவேனா?

வாசகி, திருகோணமலை

பதில்:

அன்பின் சகோதரி,

மற்றதெல்லாம் பிறகு. அந்த வீடியோவை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பார்த்ததால் மூளைக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அப்படி ஒன்றும் இல்லை. கிணறு இறைக்க இறங்குகிறவர் மேலே கயிறு பிடிக்க ஆள் வைத்துக்கொண்டுதான் இறங்குவார். நீங்கள் நடு இரவில் தனியாக இறங்கிவிட்டீர்கள். பந்து இருந்தது, கயிறு பிடிக்க ஆள் இருக்கவில்லை. மூச்சடைத்ததும் தூக்கம் போனதும் அதனால்தான். பெரும்பாலும் சில நாளில் தணிந்துவிடும். தணியாவிட்டால் காத்திருக்க வேண்டாம், கிளினிக்குக்கு வாருங்கள். இருந்தென்ன, போயென்ன என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். இரவானால் 1926 என்ற தேசிய உளநல உதவி எண் இருக்கிறது.

குளிசை விஷயம். எது என்று நீங்கள் எழுதவில்லை. டயஸிபாம் வகையாக இருந்தால், அது தூக்கத்தைத் தருமே தவிர மனவடுவைத் தொடாது. பழக்கமும் ஆகிவிடும். கொடுமையான சம்பவம் நடந்த முதல் மாதத்தில் இந்த வகைக் குளிசைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2013 இல் சொன்னது. தினமும் போட்டுப் பழகியிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பெட்டியோடு கொண்டுவந்து வைத்தியரிடம் காட்டுங்கள்.

கடிதத்தை வாசிக்கும்போது இரண்டு வயதுகளில் நின்றுவிட்டேன். தம்பிக்கு ஒன்பது. மகளுக்கு ஒன்பது ஆனதும் எல்லாம் திரும்பி வந்தது. நீங்களே இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. இழந்த பிள்ளையின் வயதை இன்னொரு பிள்ளை எட்டும்போது பழைய காயம் வாய் திறப்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். இருபது வருடம் கழித்து வருகிறதே, எனக்குப் பைத்தியமோ என்று நினைக்கத் தேவையில்லை.

உங்களிடம் தெரிவதை எங்கள் துறையில் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்போம். ஆங்கிலச் சுருக்கத்தில் பி.ரி.எஸ்.டி. கடிதத்தைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைப்பது முறையல்ல, நேரில் பார்க்க வேண்டும். என்றாலும் அதன் முக்கிய அடையாளங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. நடந்தது திரும்ப நடப்பது போல வருகிறது, ஞாபகப்படுத்தும் இடங்களை விலத்திப் போகிறீர்கள், உடம்பு எந்நேரமும் காவல் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரிகிற ஊரில் கடலை விலத்தி நடப்பதென்றால் எவ்வளவு களைப்பு!

இதோடு துக்கமும் கலந்திருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி, வைத்தியமா மந்திரமா என்ற கேள்வி. இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாகப் பேராசிரியர்களே இதை வைத்துச் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

1987 இல் கலிபோர்னியாவில், லொஸ் கட்டோஸ் என்ற ஊரின் பூங்கா ஒன்றில் பிரான்சின் ஷபிரோ என்ற பெண் நடந்துகொண்டிருந்தார். ஆங்கில இலக்கியத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்து, புற்றுநோய் வந்த பிறகு உளவியல் பக்கம் திரும்பியவர். மனதை அரித்துக்கொண்டிருந்த எண்ணம் ஒன்று நடக்க நடக்கத் தானாக வலுவிழந்ததாம். அந்த நேரம் தன் கண்கள் இடமும் வலமும் வேகமாக ஓடியதைக் கவனித்ததாக அவர் சொன்னார். மற்றவர்களிடமும் செய்து பார்த்து, 1989 இல் 22 பேரிடம் கண்ட முடிவுகளை வெளியிட்டார். ஒரே ஒரு அமர்விலேயே பெரிய மாற்றம் என்றது அந்தக் கட்டுரை. அதுதான் ஈ.எம்.டி.ஆர். எனப்படும் கண் அசைவுச் சிகிச்சையின் தொடக்கம். சண்டையின் தொடக்கமும் அதுதான். ஷபிரோ 2019 இல் காலமானார்.

ஒரு பூங்கா, ஒரு நடை, ஒரே நாளில் சுகம் என்றால் எந்த விஞ்ஞானிக்கும் சந்தேகம் வரும். ஹார்வர்ட் பேராசிரியர் ரிச்சர்ட் மக்னலி 1999 இல் இதை, 18ஆம் நூற்றாண்டில் காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொன்ன மெஸ்மரின் வைத்தியத்தோடு ஒப்பிட்டு எழுதினார். இந்தச் சிகிச்சையில் பலன் தருகிற பகுதி ஏற்கெனவே நமக்குத் தெரிந்ததுதான், புதிதாகச் சேர்த்த கண் அசைவால் பலன் இல்லை என்பது அவருடைய வாதம். பயங்கர நினைவைப் பாதுகாப்பான இடத்தில் இருந்து திரும்பத் திரும்பப் பார்க்க வைப்பது பழைய முறை. அதற்கு மேல் விரலை ஆட்டுவது வெறும் சோடனை என்றார்கள் அவரைப் போன்றவர்கள்.

ஆக, பார்க்க வேண்டியது இரண்டு. சிகிச்சை முழுவதாகப் பலன் தருகிறதா? கண்ணுக்கு அதில் வேலை உண்டா? இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் யூடியூபில் பந்து ஓடுகிறது.

முதலாவதற்குப் பதில் கிட்டத்தட்டத் தெளிவானது. பலன் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2013 இல் பி.ரி.எஸ்.டி.க்குப் பரிந்துரைத்த உளச்சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டி 2018 இல் பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது, போர்முனை அனுபவத்தால் வந்த மனவடுவைத் தவிர்த்து. உங்கள் மச்சாளுக்கு லண்டனில் கிடைத்தது அதனால்தான். அமெரிக்க உளவியல் சங்கம் 2017 இல் கொஞ்சம் தயங்கி, நிபந்தனையோடு பரிந்துரைத்தது. அகதி முகாமிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். துருக்கியில் இருந்த சிரிய அகதிகள் 70 பேரிடம் நடந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. 2020 இல் நெதர்லாந்துப் பேராசிரியர் பிம் குய்பெர்ஸ் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளை அள்ளிப்போட்டுச் சலித்தார்கள். பி.ரி.எஸ்.டி.க்கு எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களோடும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடும் ஒப்பிட்ட 27 ஆய்வுகளில் பலன் பெரிதாகவே தெரிந்தது. அந்த 27 இல் தவறு புகுந்துவிட இடம் குறைவான, நேர்த்தியான ஆய்வுகள் நான்கே நான்கு. மற்ற உளச்சிகிச்சைகளைவிட இது சிறந்ததா என்று பார்த்தபோது, நேர்த்தியான ஆய்வுகளில் அந்த மேன்மை காணாமல் போய்விட்டது. கொழும்புக்காரரின் நூறு வீதம் எந்த ஆய்வில் இருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்குச் சாதகமான ஆய்வு ஒன்று இருக்கிறது. 2007 இல் அமெரிக்காவில் வான் டெர் கோல்க் குழுவினர் 88 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்தச் சிகிச்சை, இன்னொரு பகுதிக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃப்ளுஒக்ஸெற்றின் குளிசை, மூன்றாவதுக்கு மருந்தே இல்லாத வெறும் மாக்குளிசை கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்து ஆறு மாதத்தின் பின், கண் அசைவுச் சிகிச்சை பெற்றவர்களில், பெரியவர்களான பிறகு மனவடு வந்தோரில் 75 வீதமானோர் நோய்க்குறி இல்லாமல் இருந்தார்கள். சிறுவயதில் வந்தவர்களில் அது 33 வீதம்தான். உங்களுக்கு அப்போது 19. சிறிய ஆய்வுதான், அதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் நல்ல பக்கம்தான்.

கண்ணுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2001 இல் டேவிட்சனும் பார்க்கரும் 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கண்ணை ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் பலன் ஒன்றுதான் என்றார்கள். விமர்சகர்களுக்குக் கொண்டாட்டம். 2013 இல் கிறிஸ்தோபர் லீயும் மேலே சொன்ன குய்பெர்ஸும் 26 ஆய்வுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். கண் அசைவு இருந்தால் பலன் ஓரளவு கூடுகிறது என்று வந்தது. இன்னமும் இரு பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஏன் கூடுகிறது? கனவு காணும்போது கண் ஓடுவதோடு தொடர்புபடுத்தினார்கள் சிலர். தென்கொரியாவில் 2019 இல் எலிகளுக்கு வெளிச்சத்தை இடமும் வலமும் மாற்றி மாற்றிக் காட்டி, பயம் குறைவதையும் அதற்கான மூளைப் பாதையையும் கண்டுபிடித்தார்கள். நல்ல ஆய்வு, ஆனால் எலிக்குத் தம்பி இல்லை. எனக்கு மனம் ஒப்புகிற விளக்கம் நெதர்லாந்தின் உற்றெக்ற் பல்கலைக்கழகத்தில் வான் டென் ஹவுற், எங்கெல்ஹார்ட் ஆகியோர் செய்த சோதனைகளில் இருந்து வருவது. கடைக்காரர் மிச்சக் காசு எண்ணும்போது பக்கத்தில் ஒருவர் கதை கொடுத்தால் எண்ணிக்கை தவறுகிறது அல்லவா? மனதின் அந்த முன்மேசை சின்னது. பயங்கர நினைவை அதில் எடுத்து வைத்துக்கொண்டு, அதே நேரம் கண்ணையும் வேகமாக ஓட விட்டால், இரண்டுக்கும் இடம் காணாது. நினைவு முழுக் கூர்மையோடு வந்து உட்கார முடிவதில்லை. கொஞ்சம் மங்கிய நிலையில் பார்க்கப்பட்டு, மங்கிய நிலையிலேயே உள்ளே திரும்பிப் போகிறது. கண் மட்டுமல்ல, கடினமான எண்களைத் தலைகீழாக எண்ண வைத்தாலும் இது நடக்கிறது. சும்மா காதில் பீப் ஒலி கேட்க வைத்தால் பலன் அவ்வளவு இல்லை. ஹெட்ஃபோனில் கேட்டாலே போதும் என்று விற்கிற செயலிகளுக்குக் காசு கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் கண் அசைவு கறிவேப்பிலை மாதிரி. போட்டால் கறி நன்றாகத்தான் இருக்கும். அதை மட்டும் போட்டுக் கறி வைக்க ஏலாது. நீங்கள் மூன்று இரவும் வெறும் கறிவேப்பிலையைச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

அப்படியென்றால் கறி எது? ஒழுங்கான சிகிச்சையில் எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. விரல் ஆட்டுவது நான்காவதில்தான் தொடங்கும். முதல் இரண்டு கட்டத்திலும் உங்கள் கதையைக் கேட்பார்கள், வலிப்பு இருக்கிறதா, கண்ணில் நோவு இருக்கிறதா, சில நேரம் தன்னை மறந்து எங்கோ போய்விடுகிறீர்களா என்று பார்ப்பார்கள். மனம் கலங்கினால் திரும்பி வந்து நிற்க ஒரு பத்திரமான இடத்தைக் கற்பனையில் கட்டிப் பழக்குவார்கள். சிலருக்கு அது ஒரு மாமரம், சிலருக்குக் கோயில் வீதி. இதற்கே ஒன்றிரண்டு நாள் போகலாம். ஆட்களுக்கு அலுப்பாக இருக்கும், சிகிச்சை எப்போது தொடங்கும் என்று கேட்பார்கள். இதுதான் அந்தக் கயிறு.

பிறகு ஒரு காட்சியைத் தெரிவு செய்வார்கள். அதை நினைக்கும்போது எவ்வளவு வேதனை என்று 0 முதல் 10 வரை ஓர் எண் கேட்பார்கள். உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்பார்கள். அதன் பின் சிகிச்சையாளரின் விரலைக் கண்ணால் தொடர வேண்டும், இருபது முப்பது முறை, அரை நிமிடம் அளவில். நிறுத்துவார். மூச்சு விடச் சொல்வார். என்ன வந்தது என்று ஒரு வரி கேட்பார். விளக்கம் சொல்ல மாட்டார், புத்திமதி சொல்ல மாட்டார். திரும்ப விரல். ரயிலில் ஜன்னலோரம் இருந்து வெளியே பார்க்கிற மாதிரி, வருவது வந்து போகட்டும் என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். நம் ஊரில் கொழும்பு ரயிலில் ஏறி, கந்தளாய் தாண்டிக் காட்டுக்குள் போகும்போது மரங்கள் ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தைப் பிடிக்கப் பாய வேண்டாம், இருக்கையில் இருந்தால் போதும். கண் நொந்தால் கை முதுகில் மாறி மாறித் தட்டுவார்கள். ஓர் அமர்வு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். ஒரே சம்பவம் என்றால் ஆறு முதல் பன்னிரண்டு அமர்வு வரை போவது வழமை.

இதில் ஒரு கட்டம் உங்களுக்காகவே வைத்தது போல இருக்கிறது. அந்தக் காட்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், உங்களைப் பற்றிய ஒரு வசனத்தைச் சொல்லச் சொல்வார்கள். அதன் இடத்தில் எந்த வசனம் இருக்க விரும்புகிறீர்கள் என்றும் கேட்பார்கள். புதிய வசனம் எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்று 1 முதல் 7 வரை ஓர் எண்.

உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். முதல் பந்தியில் ‘கை நழுவிவிட்டது’ என்று எழுதினீர்கள். பத்து வரி தள்ளி ‘நான் கையை விட்டதால்தானே’ என்று எழுதினீர்கள். நழுவுவதற்கும் விடுவதற்கும் எவ்வளவு தூரம்! நடந்தது முதலாவது. இப்போது மூன்று மணிக்கு எழுப்புவது இரண்டாவது. ஒரு கன மீற்றர் கடல்நீரின் எடை ஆயிரம் கிலோவுக்கு மேல். அன்றைக்கு வந்தது எத்தனை ஆயிரம் கன மீற்றரோ. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் ஐந்து விரல் அதற்கு எந்த மூலைக்கு? இதை நான் சொன்னதும் உங்கள் புத்தி சரி என்று சொல்லும். கை நம்பாது. வீட்டுக்காரர், உறவுக்காரர், ஏன் ஐயர்கூட இதைத்தான் சொல்லியிருப்பார்கள், பலன் இருந்திருக்காது. அந்தக் காட்சி உள்ளே கிளம்பி நிற்கும்போதே, கைக்குள் அந்தப் பிடி இன்னும் தெரியும்போதே, நழுவியது என்ற சொல் வந்து சேர வேண்டும். அது நீங்களாகக் கண்டெடுக்கிற சொல்லாக இருந்தால்தான் ஒட்டும். சிகிச்சையாளர் காத்திருப்பது அதற்குத்தான்.

தம்பியை மறந்துவிடுவேனா என்று கேட்டீர்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பிள்ளையை, சகோதரத்தை இழந்து வந்தவர்கள் எத்தனையோ பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். சிலர் கேட்காமலே பயந்து வராமல் விட்டிருக்கிறார்கள். வேதனை போனால் ஆளும் போய்விடுவான் என்று ஒரு பயம். வேதனைதான் அவனுக்கு நான் கட்டுகிற கடன் என்றும் ஒரு நினைப்பு. இந்தச் சிகிச்சை நினைவை அழிப்பதில்லை. நடந்தது நடந்ததாகவே இருக்கும். அந்தக் காட்சியின் கூர் மழுங்கும். மூன்று மணிக்கு அது உங்களை இழுக்காது, வேண்டுமென்றால் நீங்கள் அதைக் கூப்பிடலாம். மகனைக் கடலுக்குக் கொடுத்த தகப்பன் ஒருவர், ஆளை அடையாளம் காண முடியாதபடி சொல்கிறேன், சிகிச்சை பாதிக்கு வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தார். “டொக்டர், இவ்வளவு நாளும் அவன்ர கடைசி ஐந்து நிமிசம்தான் ஞாபகம். இந்தக் கிழமை அவன் பக்கத்து வீட்டு மாங்காய்க்கு எறிஞ்ச கல் ஞாபகம் வந்தது” என்றார். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று உறுதி தர மாட்டேன். ஆனால் தம்பிக்கு ஒன்பது வருடம் இருந்தது. உங்களிடம் இப்போது இருப்பது அதில் ஒரு காலை நேரம்.

(இதை வாசிக்கும் வேறு சிலருக்காக ஒரு குறிப்பு. காணாமல் ஆக்கப்பட்டவர்கள் தொடர்பாகவோ வேறு வழக்கிலோ சாட்சி சொல்ல இருப்பவர்கள், சிகிச்சை தொடங்கும் முன் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கதையுங்கள். காட்சியின் கூர்மை குறைவதை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளக்கூடும்.)

கொழும்புக்காரரைப் பற்றி. அவரை எனக்குத் தெரியாது, நல்லவராகவும் இருக்கலாம். நூறு வீதம் என்று சொன்னதும், காசை முன்னமே கேட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. 2005 இல் இந்தக் கரையோரம் முழுக்க ஜீப்புகளில் ஆலோசகர்கள் வந்து இறங்கிய காலத்தில், இரண்டு நாள் வகுப்பு எடுத்து எனக்கும் ஒரு மனவடுச் சிகிச்சைச் சான்றிதழ் தந்துவிட்டுப் போனார்கள். அதை நான் சட்டம் போட்டு மாட்டவில்லை. அதே காலத்தில் ஈ.எம்.டி.ஆர். தன்னார்வலர்கள் வந்து நம் நாட்டு உளவளத்துணையாளருக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுத்ததும் நடந்தது, எல்லோரையும் ஒரே தராசில் போடவில்லை. அமெரிக்காவில் இதற்கான சங்கம், ஏற்கெனவே உளநலத் துறையில் இருப்பவர்களுக்கே அடிப்படைப் பயிற்சிக்கு 20 மணி நேரப் பாடம், 20 மணி நேரப் பயிற்சி, 10 மணி நேர மேற்பார்வை கேட்கிறது. ஆகவே அவரிடம் கேளுங்கள். அடிப்படையில் நீங்கள் யார், வைத்தியரா, மருத்துவ உளவியலாளரா, உளவளத்துணையாளரா? பயிற்சி எத்தனை மணி நேரம்? இப்போது உங்களை மேற்பார்வை செய்பவர் யார்? அமர்வு நடுவில் நான் கலங்கிப்போய் இணைப்பும் அறுந்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லாதவரிடம் போக வேண்டாம். ஒன்லைனில் செய்வதே தவறு என்று சொல்ல மாட்டேன். உங்கள் நிலையில், வீடியோ பார்த்தே மூச்சடைத்தவருக்கு, முதல் சில அமர்வாவது நேரில் இருப்பது நல்லது.

அதற்கு முன் நம் ஊரிலேயே பாருங்கள். திருகோணமலை ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள், காசு தேவையில்லை. கண் அசைவுச் சிகிச்சை தெரிந்தவர் அந்த நேரம் கிடைப்பார் என்று என்னால் வாக்குத் தர முடியாது. கிடைக்காவிட்டாலும் ஏமாற வேண்டாம். மனவடுவை நேராக எடுத்துக் கதைக்கிற வேறு சிகிச்சைகளும் கிட்டத்தட்ட அதே அளவு பலன் தருகின்றன என்பதுதான் மேலே சொன்ன ஆய்வுகளில் இருந்து நான் எடுத்துக்கொண்டது. அதில் ஒன்றைச் சுனாமி முடிந்த சில கிழமைகளிலேயே வடகிழக்கு முகாம்களில் 31 பிள்ளைகளிடம் பரீட்சித்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைத் தொடக்கத்தில் இருந்து வரிசையாகச் சொல்லி, பயங்கரமான இடங்களில் நின்று நிதானித்துப் போனார்கள். மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு அமர்வு. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள்தான் நடத்தினார்கள். ஆறு மாதத்தின் பின் முதல் பகுதியில் 81 வீதமும் மற்றதில் 71 வீதமும் தேறியிருந்தார்கள். சிகிச்சையே பெறாத பிள்ளைகளோடு ஒப்பிடவில்லை, தானாகத் தேறியவர்களும் இருந்திருப்பார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் இது நம் மண்ணில், தமிழில், ஓலைக்கொட்டிலுக்குள் நடக்கக்கூடியது என்று காட்டிய ஆய்வு அது.

இனித் துக்கம். மனவடு ஆறினாலும் தம்பி இல்லாத குறை ஆறாது, ஆற வேண்டியதும் இல்லை. அந்தியேட்டி சரியாக நடக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது வெறும் தகவலாகக் கடிதத்துக்குள் வரவில்லை என்று நினைக்கிறேன். தாய்க்கு இராவணன் கருமம் செய்த இடம் என்று சொல்லித்தானே நம் சனம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகிறது. இத்தனை வருடம் கழித்துச் செய்யலாமா என்று குருக்களிடம் கேளுங்கள். ஏதோ ஒரு வழி சொல்வார். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளநல வைத்தியர்கள் நம் சடங்குகளுக்கும் மரபான சாந்தப் பயிற்சிகளுக்கும் சிகிச்சைக்குள் இடம் கொடுத்தே வந்திருக்கிறார்கள். செய்தால் பி.ரி.எஸ்.டி. போய்விடும் என்று நான் சொல்லவில்லை. பார்க்க விடாத தம்பிக்கு உங்கள் கையால் செய்வதற்கு ஒன்று இருக்கும். மூச்சடைப்பு தணிந்து, சிகிச்சையில் கொஞ்சம் காலூன்றிய பிறகு செய்யுங்கள், இப்போதே வேண்டாம்.

டச்சுக் குடாச் சண்டைக்கு என் தீர்ப்பு: மகள் போகட்டும், தகப்பனோடு. நீங்கள் வீட்டில் இருங்கள். பயத்தோடு கரையில் நின்று பார்த்தால் உங்கள் முகத்தில் இருந்து பிள்ளை பயத்தைப் படித்துவிடும். கடலை நீங்கள் நெருங்குவதைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து, படிப்படியாகச் செய்யலாம். மகளுக்கு நீச்சல் பழக்கவும் சொல்வேன். ஆனால் உங்கள் முதல் அமர்வுக்கு முன் அந்தக் கதையை எடுத்தால் என்னைத்தான் திட்டுவீர்கள்.

கிளினிக்குக்கு வரும் நாள் காலையில் வெறும் வயிற்றோடு வராதீர்கள். கணவர் கூட வரலாம், உள்ளே வர வேண்டுமா வெளியே இருக்க வேண்டுமா என்பதை நீங்கள் சொல்லுங்கள், அவர் தீர்மானிக்க வேண்டாம். சிகிச்சை தொடங்கிய பிறகு, அமர்வு முடிந்த அன்று ஸ்கூட்டி ஓட்டாதீர்கள், தலை பாரமாக இருக்கும். அன்றிரவு கனவு கூடவும் கூடும். ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதி வைத்துவிட்டுப் படுங்கள், அடுத்த முறை கொண்டுவாருங்கள். இரவுச் சமையலை அவரிடம் விட்டுவிடுங்கள். இடியப்பம் பிழிய வராது என்றால் கடையில் வாங்கட்டும்.